கேட்டால் சொல்லலாம்

பூங்காவனம் யாரால் செத்தாள் என்று திருமழிசையில் விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சூளைக்காரக் கிழவி என்பார்கள், புருஷன் கஜபதி என்பார்கள், சிலர் தலையெழுத்து என்று கையை உதறிவிடுவார்கள். அமெரிக்காவில் ஓட்டுப் போட்டவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன். சொல்லிவிட்டு என் பெயரையும் கூடவே சேர்த்துக்கொள்வேன், அந்த மட்டுக்குத்தான் நான் யோக்கியன்.

என் பெயர் பரந்தாமன். எண்பத்தைந்தாம் வருஷம் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த குடும்ப நலக் கிளினிக்கில் கிளார்க்காக இருந்தேன். டாக்டர் வரலட்சுமி, ஒரு நர்ஸ், வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பார்க்கும் பஞ்சவர்ணம், நான், ஒரு பழைய ஜீப், அதற்கொரு டிரைவர். பணம் அமெரிக்காவிலிருந்து டெல்லிக்கு வந்து, டெல்லியிலிருந்து எங்களுக்கு வரும். மாத்திரை கொடுப்போம், காப்பர் டி வைப்போம், ஆபரேஷனுக்கு ஆள் சேர்ப்போம். செவ்வாயும் வெள்ளியும் உள்ளறையில் டாக்டர் கருக்கலைப்பும் செய்வார். அதற்கு வேறொரு தர்ம ஸ்தாபனம் கொடுத்த மெஷின், வேறு பணம். திருட்டுத்தனம் ஒன்றுமில்லை, சட்டம் வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. அந்தக் காரியத்தை எந்தப் பெண்ணும் வாயால் சொல்ல மாட்டாள். விலக்கு தள்ளிப் போனதை "தலைக்கு ஊத்திக்கலக்கா" என்பாள், அதோடு சரி. பிறகு கீரை விலையைப் பேசுவாள், மாமியாரைத் திட்டுவாள், எழுந்து போகிறவள் மாதிரி முந்தானையை உதறிவிட்டு மறுபடியும் உட்காருவாள். பஞ்சவர்ணம் வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செவ்வாக்கெயம வெறும் வயித்தோட வந்துடு" என்பாள். முடிந்தது. நாலு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தி கூட அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவள் தலையில்தான் பாவம் ஏறும் என்பது அவர்கள் கணக்கு. சொல்லாமல் நடந்தால் அது தானாக நடந்தது மாதிரி, மாங்காட்டு அம்மனுக்கு முன்னால் போய் நின்றாலும் பார்வையைத் தாழ்த்த வேண்டியதில்லை.

எண்பத்துநாலு ஐப்பசியில் அமெரிக்காவில் தேர்தல், மார்கழியில் இங்கே தேர்தல். இங்கே நாங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவருக்காகக் கண்ணீர் விட்டு ஓட்டைப் போட்டுவிட்டு வந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோம். அங்கே யார் நின்றார்கள், யார் ஜெயித்தார்கள் என்று எங்கள் மேட்டுத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அது தேவைப்படவில்லை.

மாசி மாதம் டெல்லியிலிருந்து கனமான கவர் ஒன்று வந்தது. டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். காபியில் ஆடை படிந்து போனது.

"பஞ்சவர்ணம், இங்க வா. பரந்தாமன், நீங்களும் கேளுங்க. இனிமே இங்க கருவக் கலைக்கக் கூடாது. வேற யாரு பணம் குடுத்தாலும் கூடாது. எங்க போய்ப் பண்ணிக்கலாம்னு வாயால சொல்லவும் கூடாது. இதுல கையெழுத்துப் போட்டா பணம் வரும், போடலன்னா சித்திரைக்குள்ள பூட்டிடலாம்."

"சொல்லவுமா கூடாது?" என்றாள் பஞ்சவர்ணம்.

"சொல்லவும்தான்."

"வாயி நம்முது தானே டாக்டரம்மா."

"சம்பளம் அவங்களுது."

டாக்டர் மூன்று நாள் அதில் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். நாலாயிரம் பெண்கள் எங்களிடம் மாத்திரைக்கும் ஊசிக்கும் வந்துகொண்டிருந்தார்கள். பூட்டினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொண்டார். நாலாம் நாள் கையெழுத்துப் போட்டார். நான்தான் டைப் அடித்தேன், ஒரு தப்பு இல்லாமல் அடித்தேன். மெஷினைப் பெட்டியில் போட்டு ஆணி அடித்து, கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்பினோம்.

கூடவே ஒரு தாள் இருந்தது, விதிவிலக்கு என்று. தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் செய்யலாம். அதை டாக்டர் சொன்னதும் பஞ்சவர்ணம், "ஆபத்துனு எப்பத் தெரியும், உயிரு போனப்பறமா?" என்றாள். இரண்டாவது விதிவிலக்கு இன்னும் விசேஷம். பெண் கர்ப்பமாக இருக்க வேண்டும். கலைப்பதென்று தான் முடிவு செய்துவிட்டதாக அவளே தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்டப்படி அதை எங்கே செய்துகொள்ளலாம் என்று அவளே கேட்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் இடத்தைச் சொல்லலாம். நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது.

டாக்டர் ஒத்திகை பார்க்கலாம் என்றார். என்னை நோயாளி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"தலைக்கு ஊத்தலக்கா," என்றேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கு?" என்றாள் பஞ்சவர்ணம்.

"நீதான் எதனா பண்ணணும்."

"இன்னா பண்ணணும்?"

"உனக்குத் தெரியாததா?"

டாக்டர் மேஜையைத் தட்டினார். "இத்தோட நிறுத்திக்கோ. இதுக்கு மேல நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. பரந்தாமன், இப்ப சட்டப்படி கேளுங்க."

நான் தாளைப் பார்த்துப் படித்தேன். "நான் கர்ப்பமாக இருக்கிறேன். கருவைக் கலைத்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். அதைச் சட்டப்படி எங்கே செய்துகொள்ளலாம்?"

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். "எந்த ஊரு பொம்பள இப்டிக் கேப்பா? கோர்ட்டுல நிக்கிறவ கூட இப்டிப் பேசமாட்டா."

"கேட்டா சொல்லலாம். கேக்கலன்னா சொல்லக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்," என்றார் டாக்டர். அவர் முகத்தைப் பார்த்து யாரும் அப்புறம் சிரிக்கவில்லை.

சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் வேறொரு மாவட்டத்தில் கர்ப்பிணி மாதிரி ஒரு பெண்ணை அனுப்பிச் சோதித்தார்களாம், ஆயா வாய் தவறிச் சொல்லிவிட்டாளாம், அந்தக் கிளினிக்கே போய்விட்டதாம் என்று ஒரு பேச்சு வந்தது. உண்மையோ புளுகோ, பஞ்சவர்ணத்துக்கு அது போதுமானதாக இருந்தது. முப்பது வயதில் தாலி அறுத்தவள், இந்தச் சம்பளத்தில்தான் மகனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

இனி கஜபதி வீட்டுக்கு வருகிறேன். மேட்டுத் தெருவில் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலத்தில் பாதி தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் போனதும் கஜபதி அந்த எஸ்டேட்டிலேயே தகர மூடி அடிக்கும் பிரஸ்ஸில் சேர்ந்தான். வலது கையில் இரண்டு விரல் பாதிதான் மிச்சம். மீதி நிலத்தில் பூங்காவனம் கீரை போட்டாள். அரைக்கீரை, சிறுகீரை, தண்டு. விடிவதற்குள் பறித்து, வாழைநாரில் கட்டி, தண்ணீர் தெளித்து, கூடையோடு பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு முதல் பஸ். கூடையை யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை, அவளே இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றிக்கொள்வாள். வயது முப்பத்தெட்டு. ஒரு தலைவலி, காய்ச்சல் என்று படுத்துப் பார்த்ததில்லை.

நாலு பிள்ளைகள். மூத்தவள் வடிவுக்குப் பதினெட்டு முடிந்து கோவில்பதாகையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். பையன் ஆவடி ஃபேக்டரியில் நிரந்தர வேலை. எங்கள் தெருவில் அப்படியொரு மாப்பிள்ளை எவருக்கும் வாய்க்கவில்லை. பையனின் அம்மா பார்வதத்துக்கு மட்டும் வாய் நீளம். நிச்சயத்தன்றே, பாயசத்தில் முந்திரி தேடிப் பார்த்துவிட்டு, "கெணத்துல போட்ட கல்லு மாதிரி கீது" என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சொன்னவள். கல்யாணம் ஆவணியில்.

இந்த நேரத்தில் பூங்காவனத்துக்கு நாள் தள்ளிப் போனது. மாத்திரையை ஒழுங்காகத்தான் தின்றாள். பங்குனியில் மஞ்சள் காமாலை என்று நினைத்துப் பத்து நாள் கீழாநெல்லி குடித்தவள், அதோடு மாத்திரை சேராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தியிருக்கிறாள். வைகாசி பிறந்தபோது இரண்டு மாதம். ஆவணியில் பந்தலில் நிற்கும்போது ஐந்து மாத வயிறு, பெண்ணுக்குத் தாலி ஏறும்போது தாய்க்கு மசக்கை தீர்ந்த முகம். பார்வதம் அதை வைத்து ஒரு ஜென்மத்துக்குப் பேசுவாள். பேசுவதோடு நிற்பாளா, சம்பந்தத்தையே முறிப்பாளா என்பதுதான் பூங்காவனத்தைத் தின்ற கவலை.

அவள் எங்களிடம் வந்த செவ்வாய்க்கிழமைதான் அமெரிக்காக்காரரும் வந்திருந்தார். டெல்லி அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தவர், இரண்டு நாள் இருப்பார். முப்பது வயது இருக்கும். வெயிலில் காது மடல் வரை சிவந்து, கொடுத்த இளநீரைக் கும்பிட்டு வாங்கிக் குடித்தார். ரிஜிஸ்தரைப் புரட்டினார், கேள்வி கேட்டார், ஒவ்வொரு பதிலுக்கும் நன்றி சொன்னார். அவரைத் திட்டலாம் என்றால் ஒரு குற்றம் கிடைக்கவில்லை, எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

டாக்டர்தான் பொறுக்க முடியாமல் இங்கிலீஷில் கேட்டார், எங்கள் நாட்டில் சட்டமாக இருப்பதை நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள் என்று. அமெரிக்காக்காரர் தொப்பியை விசிறிக்கொண்டே பதில் சொன்னார். டாக்டர் பஞ்சவர்ணத்துக்குத் தமிழில் சொன்னார்.

"அவருக்கும் இந்தத் தடையில இஷ்டம் இல்லியாம். ஆனா அவங்க அம்மாவுக்கு இஷ்டமாம். ஒரு சின்ன ஊர்ல இருக்காங்க, வாரம் தவறாம சர்ச்சுக்குப் போறவங்க. ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்களாம். கருவக் கலைக்கறதுக்கு நீ எதிரியா, இல்லியா? எதிரின்னா ஓட்டு. வேற எதுவும் கேக்க மாட்டாங்களாம்."

"வெலவாசி?"

"கேக்க மாட்டாங்க."

"வேல வெட்டி?"

"இவங்க அப்பா வேலை பாத்த ஃபேக்டரியவே மூடிட்டாங்களாம். அப்பவும் இந்த ஒண்ணுக்குத்தான் போட்டாங்களாம். அந்தச் சர்ச்சே அப்படியாம், அந்த மாதிரி சர்ச்சு ஆயிரக்கணக்குல இருக்காம். அவங்கள விட்டா ஜெயிக்கறது கஷ்டம்னு நிக்கறவங்களுக்குத் தெரியும். அதான் தேர்தலுக்கு மூணு மாசம் முன்னாடியே இந்த உத்தரவ அறிவிச்சாங்களாம்."

பஞ்சவர்ணம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "நல்ல பொம்பளயாத்தான் தெரியுது. இங்க ஒரு பொடவைக்கும் ஒரு பொட்டலத்துக்கும் ஓட்டப் போட்டுட்டு வராளுங்க. அந்தம்மா சாமிக்குப் பயந்து போட்டுது. ஆனா ஒண்ணு கேளு டாக்டரம்மா. அந்த ஓட்டு இங்க திருமயிசையில வந்து வியும்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

டாக்டர் கேட்டார். அவர் தலையாட்டினார், தெரியாதாம். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்தார்.

"அவங்க அம்மா மாசா மாசம் இந்தியாவுல ஒரு குழந்தையோட சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பறாங்களாம்," என்றார் டாக்டர். அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் பூங்காவனம் வந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். கூடையை வாசலில் இறக்கி, விற்காத நாலு கட்டுக் கீரை மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு வந்து பஞ்சவர்ணத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அமெரிக்காக்காரர் ரிஜிஸ்தரோடு உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்த டெல்லி ஆள் ராஜசேகரன், தமிழ் தெரிந்தவன், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பஞ்சவர்ணத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கா இது, வெள்ளக்காரன்?"

"ஆபீசரு. நீ சொல்லு."

"இன்னாத்த சொல்றது." பூங்காவனம் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "தலைக்கு ஊத்தலக்கா. ரெண்டு மாசமாவுது."

"ம்."

"கல்யாணத்த வேற வெச்சிகினு கீறேன்."

"தெரியும்."

"அந்தப் பொம்பள வாயி எப்டினு உனுக்கே தெரியும். பாயசத்துக்கே அந்தப் பேச்சுப் பேசனா."

"அதுக்கு இன்னா வோணும், நீயே சொல்லு."

"நான் சொல்லித்தான் உனுக்குத் தெரியணுமா? எதுத்த ஊட்டு அஞ்சலை வந்தப்போ நீ ஒண்ணும் கேக்கலியே. எங்க நாத்தனா வந்தப்போ கேக்கலியே. என்னிய மட்டும் இன்னாத்துக்கு இப்டிக் கேக்கற?"

பஞ்சவர்ணம் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் ரிஜிஸ்தரில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது, அதன் மேலேயே இன்னொரு தரம் போட்டேன்.

"அப்ப வேற. இப்ப வாயத் தொறந்து சொன்னாத்தான்."

"எத்த?"

"உன் மனசுல கீறத்த."

"மனசுல இன்னா கீது. பொண்ணு நல்லா வாயணும்னு கீது." பூங்காவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊட்டுக்காரர்ட்ட கூட நான் இன்னும் சொல்லலக்கா. உன்ட்டதான் வந்தேன். தோ, அந்த ஆளுங்க பாக்கறாங்கோ, நான் இன்னாத்த சொல்லுவேன்?"

"சரி, என்னிய ஒரு கேள்வி கேளு."

"இன்னா கேள்வி?"

ராஜசேகரன் தொண்டையைக் கனைத்தான். பஞ்சவர்ணம் வாயை மூடிக்கொண்டாள். பூங்காவனம் ரொம்ப நேரம் காத்திருந்தாள், நாலு வருஷமாக எல்லாப் பெண்களும் எந்த ஒரு வாக்கியத்துக்காக அங்கே காத்திருந்தார்களோ அதற்காக. செவ்வாக்கெயம வந்துடு என்பது வரவில்லை. அவள் முகத்தில் முதலில் குழப்பம், அப்புறம் வெட்கம். தகாததைக் கேட்டுவிட்டவள் மாதிரி எழுந்தாள்.

"வுடுக்கா. தலவலிக்கு ஒரு மாத்திர குடு, போறேன்."

பஞ்சவர்ணம் கொடுத்தாள். அமெரிக்காக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்துக் கை கூப்பினார். அவளும் கூப்பிவிட்டுப் போனாள். அந்தப் பெண் எதற்கு வந்தாள் என்று அவர் கேட்டார். தலைவலி என்று ராஜசேகரன் சொன்னான். தலைவலி என்று நான் எழுதினேன்.

சாயங்காலம் முக்குக் கடையில் டீயை வாங்கிய பஞ்சவர்ணம் அப்படியே டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் இப்பவே அவ ஊட்டுக்குப் போறேன் பரந்தாமா. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில வியாயக்கெயம காத்தால போனா முடிஞ்சிடும். பூந்தமல்லியில பஸ்ஸு மாறுனா வாசல்லயே எறக்கி வுட்ருவான். இத்த சொல்றதுக்கு இன்னா கீது, ரெண்டு வார்த்த."

நான் சொன்னேன். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்கே கேட்கிறது, அவ்வளவு நிதானமான குரல். "அவசரப்படாதக்கா. அந்த டெல்லிக்காரன் மொகமே சரியில்ல. நாளைக்கும் இங்கதான் இருக்காங்க, தெருவெல்லாம் சுத்துவாங்க, நீ அவ ஊட்டுக்குள்ள போறத பாத்தா போச்சு. நாளன்னைக்கு மத்தியானம் கெளம்பிடுவாங்க. அப்பறமா போய்ச் சொல்லு. ரெண்டு நாள்ல இன்னா ஆவப்போது?"

அவள் டீயைக் குடிக்காமலே போனாள். ஆனால் வீட்டுக்குத்தான் போனாள். என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

எனக்கும் ஒரு வாய் இருந்தது. மூன்று வீடு தள்ளித்தான் இருந்தேன். புதன்கிழமை காலையில் பூங்காவனம் கீரைக் கூடையோடு என் வாசலைத் தாண்டிப் போனாள், நான் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். ஆம்பளை அந்தப் பேச்சை ஒரு பெண்ணிடம் எடுப்பதா என்று எனக்குள் ஒரு பெரிய மனுஷத்தனம். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜீப்பில் விருந்தாளிகளை மீனம்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டு பஞ்சவர்ணம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பூங்காவனம் பாயில் படுத்திருந்தாள். வடிவு கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் ஒயுங்காப் பூட்ச்சி," என்றாளாம் பூங்காவனம், மகளுக்குக் கேட்காத குரலில். காலையில் கீரையை விற்றுவிட்டு, வரும் வழியிலேயே செங்கல் சூளைப் பக்கம் இறங்கியிருக்கிறாள். அங்கே ஒரு கிழவி. அவளிடமும் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள், குச்சி வைத்து அனுப்புவாள்.

பஞ்சவர்ணம் அன்றைக்கு நிம்மதியாகத்தான் திரும்பி வந்தாள். நானும் அப்பாடா என்று இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பூங்காவனத்துக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அவள் எழுந்து, சம்பந்தி வீட்டிலிருந்து பத்திரிகை விஷயமாக வந்த இரண்டு பேருக்கு வடை சுட்டுப் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை அவள் படுத்திருந்த இடத்தில் வாடை வந்தது. கஜபதி அப்போதுதான் மிரண்டு போய் டாக்டரைக் கூப்பிட வந்தான்.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னார். பின்னால் நான், கஜபதி, பஞ்சவர்ணம். பூங்காவனத்தின் தலை பஞ்சவர்ணத்தின் மடியில். பூந்தமல்லி தாண்டும்போது அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது.

"எங்கக்கா போறோம்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"அங்க இதெல்லாம் பாப்பாங்களா?"

பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லலியா, அப்பவே புரிஞ்சிபோச்சி," என்றாள் பூங்காவனம். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது, ஆறுதல் சொல்லும் குரல். "எடம் இருந்தா யக்கா சொல்லாத வுடுமா. எங்கியும் இல்ல போல கீதுனுதான் சூளைக்குப் போனேன். நீ அத்த நெனச்சிகினு அழாத."

கஜபதிக்கு முன் ஸீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அரை விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவன் காதில் எவ்வளவு விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள். புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் செத்துப் போனாள்.

காரியத்துக்குக் கோவில்பதாகையிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். பார்வதம் வடிவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள், அவள் இரண்டாம் தரம் ரசம் வாங்கிக்கொண்டாள். கை கழுவிய பிறகு கஜபதியைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிச் செத்தாள் என்பது ஆவடி வரைக்கும் வந்துவிட்டதென்றும், தாய் எப்படியோ பெண் அப்படி என்று நாலு பேர் பேசுவார்கள், ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாமென்றும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பூங்காவனம் எதைக் காப்பாற்றப் போய்ச் செத்தாளோ அதுவும் அன்றோடு போயிற்று.

ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம் கஜபதி கிளினிக்குக்கு வந்தான். டாக்டர் இல்லை. பஞ்சவர்ணம் ஃபீல்டுக்குப் போயிருந்தாள், அந்நாட்களில் அவள் கிளினிக்கில் உட்காருவதே இல்லை. கஜபதி உட்காரவும் இல்லை. பூங்காவனம் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாத்தே, உன்னிய ஒண்ணு கேக்கணும். மறைக்காத சொல்லு."

"கேளு."

"அவ வவுத்துல கீறத்த எடுக்கணும்னா, அதுக்குனு ஒரு எடம் இருந்துதா? ஒயுங்கான எடம். உசுருக்கு ஆபத்து இல்லாத எடம். இருந்துதா, இல்லியா?"

பாருங்கள், எவ்வளவு தெளிவாகக் கேட்டான். தாளில் போட்டிருந்த மாதிரியே கேட்டான். ஒத்திகையில் நான் கூட இவ்வளவு நன்றாகக் கேட்கவில்லை. ஆனால் தாள்படி கேட்க வேண்டியவள் வயிற்றில் சுமப்பவள், இவன் இல்லை. அதனால் பதில் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். அப்போது என் மனதில் தாளும் இல்லை, டெல்லியும் இல்லை. இருந்தது என்று சொன்னால் அடுத்து அவன் என்ன கேட்பான் என்பது மட்டும்தான் இருந்தது. அப்ப ஏன் சொல்லல? மூணாவது ஊட்ல கீறியே, நீ ஏன் சொல்லல?

"இல்ல கஜபதி," என்றேன். "எங்கயும் இல்ல. எல்லா எடத்துலயும் நிறுத்திட்டாங்க."

"பட்டணத்துல?"

"பட்டணத்துலயும்தான்."

அவன் நாற்காலியை விட்டான். முகத்தில் ஒரு தெளிவு வந்தது, பாரம் இறங்கியவன் மாதிரி மூச்சு விட்டான். "நான் ரெண்டு மாசமா தூங்கல அண்ணாத்தே. எங்கனா இருந்து, எனுக்குத்தான் தெரியாம வுட்டுட்டனோனு. இல்லன்னா வுடு. அவ விதி." என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீ நல்லா இருக்கணும்," என்றான்.

டாக்டரிடம் இதை நான் சொல்லவில்லை. பஞ்சவர்ணத்திடமும் சொல்லவில்லை. ஒருவனுக்கு நிம்மதி கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டேன், இரண்டொரு நாள் அதை நம்பவும் செய்தேன்.

ஐப்பசி மழையில், கஜபதியோடு பிரஸ்ஸில் வேலை செய்த உத்தமன், பெண்சாதியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். அவளுக்கு இருபத்திரண்டு வயது, கைக்குழந்தை ஒன்று பால் மறக்கவில்லை. அதே வாடை. டாக்டர் திரையை இழுத்துவிட்டு உள்ளே போனார். பஞ்சவர்ணம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சூளைக்கு ஏன்டா இட்டுகினு போன? எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்டா. இந்தத் தபா நான் யாருக்கும் பயந்திருக்க மாட்டேன்டா."

உத்தமன் மழைத் தண்ணீர் சொட்ட நின்றான். அவளைப் பார்த்தான், பிறகு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான்.

"கேட்டு இன்னாக்கா ஆவப்போது. கஜபதி மாமா தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிச்சே, எங்கியுமே எடம் இல்லனு. பட்டணத்துலயும் இல்லியாமே. தோ, கிளார்க்கு அண்ணாத்தேதான் மாமாகிட்ட சொல்லிச்சாம்," என்றான்.